சலவைக்காரியின் புள்ளடி

உயிரோடு இருந்த ஒரு மனிதனின் மரணப் பதிவை நான் நான்கு மாதம் தேடினேன். தேடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவன் எனக்குச் சொந்தமும் இல்லை. விக்டோரியா மகாராணி காலத்தில், நான் இப்போது இருக்கும் இதே வீட்டில் இருந்த ஒரு சலவைக்காரியின் புருஷன், அவ்வளவுதான்.

மகளின் கலியாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை அச்செடுக்கத்தான் அன்று நூலகத்துக்குப் போனேன். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுப் பிரின்டர் வழக்கம்போல மூச்சை விட்டிருந்தது. அங்கே ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இலவசமாக உதவிக்கொண்டிருந்தார். உங்கள் குடும்பத்தைத் தேடிப் பார்க்கலாமே என்று என்னையும் கேட்டார். எங்கள் தாள்களெல்லாம் ஊரில் வீட்டோடு எரிந்துபோய்விட்டன என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது. அவரைச் சமாதானப்படுத்தத்தான் என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன்.

வீடு வீடாக ஆட்களை எண்ணி எழுதிய பழைய குடிசன மதிப்பீட்டுத் தாள் ஒன்று திரையில் வந்தது. சாய்ந்த எழுத்தில் எங்கள் தெரு, எங்கள் இலக்கம். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். வயது முப்பத்தெட்டு. தொழில் சலவை. கீழே ஒரு மகள், இரண்டு மகன்கள், வாடகைக்கு ஒரு முதியவர். நான் கறி தாளிக்கும் பின் அறையில்தான் அவள் ஊரார் துணியை அவித்திருப்பாள். திருமண நிலை என்ற கட்டத்தில் ‘விதவை’ என்று எழுதியிருந்தது.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ செய்தது. என் வீட்டிலும் அப்போது அந்தக் கட்டம்தான் பிரச்சினை.

என் கணவர் பிரான்சில் இருக்கிறார். வேலைக்கென்று போய்ப் பதினொரு வருடம். அங்கே அவருக்கு வேறு வீடு, வேறு மனைவி, ஒரு சின்னப் பிள்ளையும் உண்டு. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. கவுன்சில் படிவமானாலும் டாக்டரிடம் கொடுக்கும் படிவமானாலும் ‘திருமணமானவர்’ என்ற பெட்டியில்தான் அடையாளம் போடுவேன். தாலியையும் கழற்றவில்லை. மகளின் கலியாணம் வந்தபோதுதான் அந்தப் பொய் முட்டுப்பட்டது. மணவறையில் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தாயும் தகப்பனும் சோடியாக நிற்க வேண்டும். தகப்பன் இல்லை.

மோர்டனில் இருக்கும் என் தமையன் ஒரு முடிவோடுதான் வந்தார்.

“நானும் உன்ரை அண்ணியும் தாரை வார்க்கிறம். நீ பின்னாலை வந்து நில், பிள்ளை. சனம் ஒண்டும் கதைக்காது.”

“ஓம் அண்ணை,” என்றேன். வேறு என்ன சொல்ல? பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்து, நான் தனியாக வளர்த்த மகள் அவள். அவளின் கலியாணத்தில் நான் பின்வரிசை. அன்று தேத்தண்ணீர்க் கோப்பையை மூன்று தரம் கழுவினேன், கோபத்தில்தான்.

அதனால்தான் சலவைக்காரியை விடாமல் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது நினைக்கிறேன். புருஷன் எப்போது செத்தான், அவள் எப்படிச் சமாளித்தாள் என்று அறியும் ஆசை. சனிக்கிழமைகளில் ஷிப்ட் இல்லை. நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். பத்து வருடம் முந்திய குடிசன மதிப்பீட்டில் அவன் கொத்தனாராக அவளோடுதான் இருந்தான். அந்தப் பெயரை வைத்து மரணப் பதிவுகளின் அட்டவணை, தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகள் எல்லாம் பார்த்தாயிற்று. அவன் எங்கும் சாகவில்லை.

“அவன் சாகாமலே இருந்திருக்கலாம்,” என்றார் பஸ் சாரதி ஒருநாள். விட்டுப் போன புருஷனை இறந்துவிட்டான் என்று எழுதுவிக்கும் பெண்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேராம்.

நான் அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது எந்தப் பெண்ணாவது தன் வாயால் தன்னை விதவை என்பாளா? எங்கள் ஊரில் கனவில்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள். கை தவறிக் குங்குமம் கொட்டினாலே நெஞ்சு பதறுகிறவர்கள் நாங்கள். அந்த எண்ணத்தோடுதான் நான்கு மாதம் தேடியிருக்கிறேன். நானும் விசர்தான்.

அடுத்த குடிசன மதிப்பீட்டில் அவனைக் கண்டுபிடித்தோம். அதே பெயர், அதே கொத்தனார் வேலை, பிறந்த கிராமமும் அதுவே. வயதில் இருபது வருடம் கூடியிருந்தது. அப்டன் பார்க் பக்கம், மகளுக்குக் கூறைச்சேலை பார்க்க நான் போய் வந்த தெருவிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ‘மனைவி’ என்று எழுதப்பட்ட இன்னொரு பெண்ணோடு சௌக்கியமாக இருந்தான். நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வெளியே போய்விட்டேன். பஸ் தரிப்பிடத்தில் நின்று, செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனை யாழ்ப்பாணத் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பும் வந்தது. அவன் இருக்கும்போது இல்லை என்று அவள் எழுதுவித்தாள். என்னுடையவர் இல்லாதபோது இருக்கிறார் என்று நான் எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் அரசாங்கத்துக்குப் பொய் சொல்லியிருக்கிறோம். ஆனால் அவளின் பொய் அவளை வீட்டுக்குத் தலைவியாக்கியது. என்னுடைய பொய் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பியது.

கடைசியாகக் கிடைத்தது அவளுடைய மகளின் கலியாணப் பதிவு. மாப்பிள்ளையின் தகப்பன் பெயர், தொழில். பெண்ணின் தகப்பன் பெயர், கொத்தனார். தாய்க்கு அந்தக் காலப் பதிவில் கட்டமே கிடையாது. நாள் முழுக்கத் துணி வெளுத்து வளர்த்தவள் எங்கே, ஓடிப்போனவன் எங்கே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் சாரதி தாளின் அடியைக் காட்டினார்.

சாட்சிகள் இரண்டு பேர். இரண்டாவது, குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு போட்ட ஒரு புள்ளடி. நாங்கள் வாக்குச் சீட்டில் போடுவோமே, அதே புள்ளடி. கொஞ்சம் கோணல், ஒரு கால் நீண்டு கோட்டைத் தாண்டிவிட்டது. அதைச் சுற்றிப் பாதிரியார் சலவைக்காரியின் பெயரை எழுதி, இது இவளுடைய அடையாளம் என்று குறித்திருந்தார். எழுதத் தெரியாதவள். கட்டம் இல்லாதவள். ஆனாலும் முன்னுக்கு வந்து பேனையைப் பிடித்திருக்கிறாள்.

நான் அங்கேயே அழுதேன். வெட்கப்படவில்லை.

அன்று பின்னேரமே தமையனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அண்ணை, அவர் இனி வரமாட்டார். எங்களை விட்டிட்டுப் போயிட்டார்.” பதினொரு வருடத்தில் முதல்தடவை சொன்னேன். “என்ரை பிள்ளையை நான்தான் தாரை வார்ப்பன். என்னாலை பின்னாலை நிக்க ஏலாது.”

தமையன் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“ஐயர் ஏதும் சொன்னால்?”

“ஐயரோடை நான் கதைக்கிறன்.”

“நீ கதைச்சால் அந்தாள் ஓடியிடும்,” என்றார். “நான் கதைக்கிறன். அண்ணி செம்பைப் பிடிக்கட்டும். நீ பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் குடு.”

கலியாணத்துக்கு முந்திய வாரம் எழுத்து நடந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வைப்பதை நாங்கள் எழுத்து என்போம். இப்போது தாய்க்கும் கட்டம் இருக்கிறது. தொழில் என்னவென்று பதிவாளர் கேட்க, நான் வாயைத் திறக்கும் முன் மகள் முந்திக்கொண்டாள். “குக். எங்கட அம்மா குக்,” என்றாள். சாட்சியாகவும் நானே கையெழுத்து வைத்தேன். கோணலாகத்தான் வந்தது.

மணவறையில் அண்ணி செம்பைச் சரித்தார். மகளின் கைக்குக் கீழே என் கை. தண்ணீர் விரல்களுக்குள்ளால் ஓடி, முழங்கைவரை வழிந்து, புதுச் சேலையை நனைத்தது. யாரோ துடைக்கத் துவாய் நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பிள்ளையைக் கட்டிக்கொடுத்த அந்தச் சலவைக்காரிக்கும் கை இப்படித்தான் ஈரமாக இருந்திருக்கும்.