ஏழாம் நம்பர் சீட்டு

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு சீட்டு இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். பச்சை மையில் ஏழு என்று எழுதியிருக்கும். மூன்று வருடமாகப் பையை மாற்றும்போதெல்லாம் அதுவும் கூடவே வருகிறது. அது டோக்கன் அக்காவின் சீட்டு.

டோக்கன் அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். நான் மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை மைக்கில் கூப்பிடுவது அவர் வேலை. பெயரை ஒருநாளும் சொல்ல மாட்டார். "யாருக்கு இன்னா சீக்குன்னு ஊருக்கெல்லாம் ஏன் தெரியணும்? நம்பர் போதும்" என்பார். மைக்கை இரண்டு முறை தட்டிவிட்டு, "டோக்கன் ஏழு, உள்ள வாங்க" என்பார். ஏற்ற இறக்கமே இருக்காது. அந்தக் குரலுக்குள் பாட்டு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஒருநாள் மதியம் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே அவர் பாடுவதைக் கேட்டுவிட்டேன். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் தொற்றிக்கொண்டு வரும் பஸ்ஸைப் பற்றி அவரே கட்டிய பாட்டு. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கல்யாணமான புதிதில் பாடியபோது, "யாரு செத்தாங்க, ஒப்பாரி வெக்கிற?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம். "வெளையாட்டுக்குத்தான் கேட்டாரு. ஆனா எனக்குத் தொண்டை அடைச்சிக்கிச்சு" என்றார். அதோடு இருபத்தைந்து வருடம், யார் காதுபடவும் அவர் பாடவே இல்லை. எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கோபத்தில்தான் அக்காவைக் கேட்காமலே அவர் பெயரைக் கொடுத்தேன். டவுனில் ஒரு காபிக் கடை மாடியில் ஞாயிறு மாலைகளில் ஓப்பன் மைக் நடக்கும். யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பாடலாம், பேசலாம். அங்கேயும் வரிசைக்குச் சீட்டுதான். "பேரச் சொல்ல மாட்டாங்கல்ல?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் அக்கா கிளம்பினார். பஸ்ஸில், "இன்னிக்கும் பாட்டு வரலன்னா, இனிமே என்னைக் கேக்காத" என்றார்.

கல்லூரிப் பையன்கள் கிட்டார் வாசித்தார்கள். ஒரு பெரியவர் பிரெஞ்சில் கவிதை படித்தார், புரியாதவர்களும் கைதட்டினோம். பிறகு அக்கா எழுந்து போனார். மைக்கை இரண்டு முறை தட்டினார்.

"டோக்கன் ஏழு, உள்ள வாங்க."

யாரும் வரவில்லை. அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏழு யாருங்க? டீ குடிக்கப் போயிட்டாங்களா?" என்று அதட்டிவிட்டுத் தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "அய்ய, நான்தான்."

மாடியே சிரித்தது. அதில் கேலி இல்லை. ஆனாலும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. கண் படிக்கட்டுப் பக்கம் போனது. இறங்கிவிட்டால் இனி அந்த வாய் திறக்காது. அவர் சீட்டை மறுபடி பார்த்தார். பிறகு, வாசலில் தயங்கி நிற்கும் நோயாளியிடம் சொல்வதைப் போலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "பரவால்ல, உள்ள வாங்க."

பாட ஆரம்பித்தார்.

"ஏறவிடு ராசா ஏறவிடு,
ஒத்தக்கால வெச்சிட்டேன் ஏறவிடு..."

இரண்டாம் சுற்றில் மாடி முழுக்க "ஏறவிடு" என்றது. அந்தப் பிரெஞ்சுப் பெரியவர் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. நான் அழுதேன், மறைக்கவும் தோன்றவில்லை. இறங்கும்போது அக்கா சீட்டை என் கையில் திணித்தார். "பேர் குடுத்தவ நீதான, நீயே வெச்சிக்க."

இன்றும் அதே மைக், அதே இரண்டு தட்டு. ஆறு பழையபடிதான் வரும், எட்டும் அப்படியே. நடுவில் ஏழு மட்டும் கொஞ்சம் இழுபடும், ஏறவிடு என்று தொடங்கப்போவதைப் போல. மருந்து எடுக்கும் என் கை தானாகக் கைப்பையைத் தொட்டுக்கொள்ளும்.

போன வாரம் ஏழாம் நம்பர்காரர் ஒரு கிழவர். "இன்னாம்மா, பாட்டா படிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

அக்கா மைக்கை அணைக்கவில்லை. "ஆமாங்க, படிக்கிறேன்" என்று அவர் சொன்னது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.