மயிலத்துக்கு நேர்ந்த முடி

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு முதுகு வரை முடி. திண்டிவனத்தில் நாங்கள் படித்தது ஆண்கள் பள்ளி. அன்று எல்லாரும் அவளை ‘அவன்’ என்றுதான் சொன்னோம். பிற்பாடு அவள் தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டாளோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

காதை மூடும் அளவுக்கு எவன் முடி வளர்த்தாலும் எங்கள் டிரில் மாஸ்டர் கிருதாவைப் பிடித்துத் தூக்குவார். அவளை மட்டும் தொட மாட்டார். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததற்காக அவள் முடியை மயிலம் முருகனுக்கு நேர்ந்துவிட்டிருந்தார்கள். சாமி முடியில் கை வைக்க அவருக்கும் பயம்தான். பங்குனி உத்திரத்துக்கு மொட்டை என்று பேச்சு. ஆனால் ஒவ்வொரு பங்குனியிலும் அவளுடைய பங்காளி வீட்டில் யாராவது செத்துப்போனார்கள். தீட்டு வருஷத்தில் மலையேறி மொட்டை போடக் கூடாது. ஏழாம் வகுப்பில் ஒரு பெரியப்பா, எட்டாம் வகுப்பில் ஒரு சித்தப்பா என்று பள்ளிக்கூடத்தில் அவள் காரணம் சொல்ல, முடி தப்பித்துக்கொண்டே வந்தது. வீட்டில் அவள் சொன்ன கதை வேறு. பரீட்சை நேரம், லீவு தர மாட்டார்கள் என்று அங்கே சொல்லியிருந்தாள்.

முடி தப்பித்ததே தவிர அவள் தப்பிக்கவில்லை. பின்னாலிருந்து கொண்டையை இழுப்பார்கள். கணக்கு வாத்தியார் ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்டால் வகுப்பே அவளைப் பார்த்துச் சிரிக்கும், வாத்தியாரும் சிரிப்பார். கழிப்பறைப் பக்கம் போனால் டிராயரை அவிழ்த்துப் பார்க்க நாலு பேர் காத்திருப்பார்கள். அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை அவள் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். வெயில் காலத்தில் அவள் உதடு வெடித்துக் கிடக்கும்.

நான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். எனக்கு வயிற்றெரிச்சல். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அக்காவின் தாவணியைக் கட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஐந்து நிமிஷம்தான், அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். நான் அப்படித் திருடித் தின்றதை இவள் பட்டப்பகலில் முருகன் பெயரைச் சொல்லிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்டர்வெல்லில் ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, முடியை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டை போடுவாள். வீட்டுக்குப் போய்ப் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நானும் கையைத் தூக்குவேன். பிடிப்பதற்கு அங்கே முடி இருக்காது. அவள் வாங்கிய அடியெல்லாம் எனக்குத் தெரியும். அடியோடு சேர்த்து அந்த வாழ்வு வந்தாலும் பரவாயில்லை என்று பொருமியிருக்கிறேன்.

அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் மதியம் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “நீயும் முடி நேந்துக்கோயேன். காமாலைதான் வரணும்னு இல்ல. தெனம் வயித்து வலின்னு அழுதுக்கினே இரு, உங்கம்மாவே நேந்துக்குவாங்க.”

ரகசியத்தைப் பங்கு போடுகிற குரலில்தான் சொன்னாள். எனக்கோ நடு ரோட்டில் துணியை உருவின மாதிரி இருந்தது. “போடா ஒம்போது!” என்று பள்ளிக்கூடமே கேட்கக் கத்தினேன். பையன்கள் கைதட்டினார்கள். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த மாசமே ஒரு சனிக்கிழமை, மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எடை போடுகிற என் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருத்தர் என் பள்ளிக்கூடத்தை விசாரித்தார். “எங்க அண்ணன் மவனும் அங்கதான் படிக்கிறான் தம்பி. நீட்டு முடி வச்சுக்கினு இருப்பானே, தெரியுமா?” என்றார்.

போன வருஷம் செத்துப்போன சித்தப்பா. பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன், யோசிக்காமல் செய்தேன் என்று பொய் சொல்லப் போவதில்லை. திங்கள்கிழமை மணி அடிப்பதற்கு முன்னால் டிரில் மாஸ்டரிடம் போய் நின்றேன்.

“சார், அவன் சித்தப்பா சாகல சார். மண்டியில மூட்டை எறக்கிக்கினு இருக்காரு.”

மாஸ்டர் அவளை அடிக்கவில்லை. அவள் அப்பாவுக்கு ஆள் விட்டார். அந்த வாரமே மயிலத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். திமிறியவளை அந்தச் சித்தப்பாதான் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாராம். அடுத்த நாள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தாள். மாஸ்டர் திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, “இப்பதான்டா லட்சணமா இருக்க” என்றார். வேண்டுதல் நிறைவேறியதை யார் தண்டனை என்று சொல்வது? பையன்கள் வரிசையில் நின்று அந்தத் தலையில் தட்டினார்கள். நானும் தட்டினேன். சந்தனம் என் விரலில் ஒட்டிக்கொண்டது.

மூன்று நாள் வந்தாள். நான்காம் நாள் வரவில்லை. அப்புறம் பள்ளிக்கே வரவில்லை. ஊரை விட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்குக் கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு முன் பெஞ்சில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

ஐந்து வருஷம் கழித்து, விழுப்புரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது, ஜங்ஷன் பிளாட்பாரத்தில் திண்டிவனம் போகிற பாசஞ்சருக்காக நின்றிருந்தேன். எதிரே சேலை கட்டிய மூன்று பேர். நடுவில் நின்றவளின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது, அதில் கனகாம்பரம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த முடியைத்தான் பார்த்தேன். பார்த்ததும் பழைய எரிச்சல் அப்படியே வயிற்றில் ஏறியது. அவள் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது, கையில் வளையலுக்கு மேலே சூடு போட்ட தடம். அதெல்லாம் எனக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது.

அவள்தான் முதலில் கிட்டே வந்தாள். “அடியே, நீயா! இன்னாடி படிக்கிற?”

ஏதோ சொன்னேன். அவள் என் கிராப்பை ஒரு பார்வை பார்த்தாள். “நேந்துக்கோன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க சித்தப்பா போன வருஷம் நெசமாவே செத்துட்டாருடி. எனக்கு யாரும் சேதி சொல்லல. காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் யாரோ சொல்லித் தெரிஞ்சுது. அந்த வயசுல அவரைச் சாவடிச்சேன் பாரு, அது அவருக்குத் தெரிஞ்சதுதான் மனசு ஆறல. எந்தப் பாவிடி போயி சொன்னது?”

ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. அக்கம்பக்கத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட்டவர்கள் அதுவரை உலகத்தில் யாருமே இல்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.

“தெரியலையே” என்றேன்.