எட்டாவது சுற்று

மூக்குக்கண்ணாடிக் கடையில் என் அண்ணனுக்கு வைத்த பெயர் அரைமில்லி. லென்ஸ் தீட்டும் எந்திரத்தின் முன்னால் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவன். மற்றவர்கள் “போதும்பா, ஃபிரேம்ல உக்காந்துடும்” என்று எடுத்து வைக்கிற லென்ஸை விளக்கில் காட்டிப் பார்த்து, “இன்னும் அரை மில்லி எடுக்கணும்” என்பான். எடுப்பான். கச்சிதமாகப் போய் உட்காரும். இப்படிப்பட்ட ஆளோடு ஒரே அறையில் வளர்ந்தவன் நான். என் வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்ல?

அண்ணி அந்தக் கடைக்கு முதலில் வந்தது தன் அப்பாவின் கண்ணாடியை வாங்கிப்போக. கடை ரேடியோவில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வயதில் காதலித்தவன் எவனும் அதை முணுமுணுக்காமல் தப்பியதில்லை. வாசல் விளக்கை நீ வரும்வரை அணைக்க மாட்டேன் என்று ஒருத்தி சொல்கிற பாட்டு. கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாள்; சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, எங்கே நின்றது என்றே தெரியாமல் காணாமல் போகும். ரேடியோவில் சோப்பு விளம்பரம் வந்த பிறகும் அண்ணி பாடிக்கொண்டே இருந்தாராம்.

“பாட்டு முடிஞ்சிருச்சுங்க” என்று உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறான் என் அண்ணன்.

“யாருக்கு?” என்று கேட்டிருக்கிறார் அண்ணி.

அவ்வளவுதான், ஆள் காலி. ஒரே வருஷத்தில் கல்யாணம். அன்றைக்கு அந்தக் கண்ணாடியை மட்டும் அவன் அளவு தப்பித் தீட்டிவிட்டான் என்று முதலாளி கடைசிவரை சொல்லிச் சிரித்தார்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு குழுவானோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில், சாப்பிடுகிறவர்களுக்காக வாசிப்போம். அண்ணன் கிட்டார், அண்ணி பாட்டு, நான் ட்ரம்ஸ். மற்ற ஆறு நாளும் நான் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவன் ஓட்டுகிற காருக்குப் பிரேக் போடுகிற ஆள்.

கடைசியில் அந்தப் பாட்டைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இசைத்தட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள், சரி. மேடையில் நிற்கிறவன் என்ன செய்வான்? எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அண்ணனுக்கு இது தூக்கத்தைக் கெடுத்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து எண்ணினான். ஆறு தடவை தெளிவாகக் கேட்கிறது, ஏழாவது பாதியில் மறைகிறது. “ஆக, ஏழு” என்று தீர்ப்புச் சொன்னான். ஏழு சுற்று, ஒரு மீட்டல், கம்பிமேல் உள்ளங்கை. முற்றும்.

அதற்குள் அந்தப் பாட்டை ஆளாளுக்குப் பாடத் தொடங்கியிருந்தார்கள். வயலினில் ஒருத்தர் இழுத்தார். பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதித் தள்ளினார்கள். யாரோ அதை டிஸ்கோவாக்கி ஆடவிட்டார்கள். வேறு பாஷைக்காரன் ஒருவன் அந்தப் பெண்ணை ஆணாக்கி, வாசல் விளக்கை ஜன்னல் விளக்காக்கினான். எதையும் விடாமல் அண்ணன் வாங்கினான். வாங்கி, முள்ளை நேராகக் கடைசி அரை நிமிஷத்தில் கொண்டுபோய் வைப்பான். முழுப் பாட்டுக்கும் காசு கொடுத்து வாலை மட்டும் கேட்கிற மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? “வாலறுந்த பாட்டு வந்தாச்சா?” என்று அண்ணி கிண்டல் செய்வார். வீடு முழுக்க அந்த ஒரே பாட்டு, அண்ணியின் சிரிப்பு, கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன நான்.

பன்னிரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு ஞாயிறு, ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வயதான கணவனும் மனைவியும் எழுந்து கைகோத்து மெல்ல ஆடத் தொடங்கினார்கள். அவருக்கு முழங்கால் சரியில்லை போல; ஓர் அடி எடுத்து வைக்கவே நேரமானது. அண்ணி அவர்களையே பார்த்துக்கொண்டு பாடினார். ஏழு முடிந்தது. அவர்கள் ஆடி முடிக்கவில்லை. அண்ணி எட்டாவது தடவை எடுத்தார்.

அண்ணன் கம்பிமேல் உள்ளங்கையை வைத்துவிட்டான். நானும் நிறுத்திவிட்டேன். பாவி, பிரேக் போட்டுப் பழகிய கால்! அண்ணியின் குரல் மட்டும் அந்த ஹாலில் தனியாகத் தொங்கியது. ஒரு மேஜையில் யாரோ சிரித்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்று, கூச்சத்தோடு போய் உட்கார்ந்தார்கள். அண்ணி மைக்கைக் கீழே வைத்தார்.

அத்தோடு சரி. அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கெல்லாம் போகவில்லை. சமைத்தார், சிரித்தார், எனக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். பாட்டு மட்டும் இல்லை. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. ஒரே ஒரு தடவை அண்ணன் தயங்கித் தயங்கி, “ஒரு தடவை பாடேன்” என்று கேட்டான்.

“ஏழு சுற்றா?” என்று கேட்டார் அண்ணி.

என் அண்ணன், அந்த அறிவுக்கொழுந்து, “ஆமா” என்றான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஆனாலும் பாட்டு வாங்குவதை அவன் விடவில்லை. இசைத்தட்டு போய் கேசட், கேசட் போய் சிடி, அப்புறம் போனிலேயே. அந்த ஒரே பாட்டு முப்பத்தேழு விதமாகச் சேர்ந்துவிட்டது. “இன்னும் எதுக்குண்ணே இந்தக் கூத்து?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“எட்டு தடவை பாடி நிறுத்தினவங்க ஒருத்தராவது இருக்காங்களான்னு பாக்கறேன்டா.”

“இருந்தா?”

“அவகிட்டக் காட்டலாம். நீ செஞ்சதுதான் சரின்னு சொல்லலாம்.”

“அடப்பாவி! அதைச் சொல்ல உனக்குச் சாட்சி வேணுமா? பன்னெண்டு தடவை பாடினது ஒண்ணு இருக்குன்னு சொன்னியே, அதைக் காட்டேன்.”

“பன்னெண்டு எட்டு இல்லையே” என்றான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். “எனக்கு அவ குரல் வேணும்டா. சாகறதுக்குள்ள ஒரு தடவை கேட்டாப் போதும்.” அண்ணி பாட்டை நிறுத்திய பதினாறு வருஷத்தில் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

போன மாதம் அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்குள்ளேயே தேநீர் விருந்து. எந்திரத்தைத் துணி போட்டு மூடி, அதன்மேல் கேக் வைத்திருந்தார்கள். காலமாகிவிட்ட முதலாளியின் மகள்தான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறாள். “அங்கிள், கிட்டார் கொண்டு வந்திருக்கீங்கள்ல? அந்தப் பாட்டு” என்று பிடித்துக்கொண்டாள். நான் ஒரே ஒரு சின்ன ட்ரம் எடுத்துப்போயிருந்தேன். அண்ணி கண் பரிசோதிக்கிற நாற்காலியில், எழுத்துப் பலகைக்கு எதிரே, கையில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் வாசித்தான். பாடுகிறவர் இல்லாமல் வெறும் கிட்டார். கடைசி வரி வந்தது. என் வாய் தன்னால் எண்ணியது. ஐந்து. ஆறு. ஏழு. கம்பிமேல் இறங்கப்போகும் உள்ளங்கையைப் பார்த்தபடி நான் கையைத் தூக்கி வைத்திருந்தேன்.

உள்ளங்கை இறங்கவில்லை. எட்டாவது சுற்றை எடுத்தான்.

அண்ணியைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். எட்டு முடிந்தது. ஒன்பதையும் எடுத்தான். அண்ணி தட்டைக் கீழே வைத்தார். பத்தாவதில், கரகரத்த குரலில், பாதி வரியிலிருந்து சேர்ந்துகொண்டார்.

நான் அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்? அழுதுகொண்டே தட்டினேன்.

யாருக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, நிறுத்தவும் மனம் வரவில்லை. அண்ணி குரலைக் கொஞ்சம் இறக்கினார். அண்ணன் கூடவே இறங்கினான். நான் குச்சியை வைத்துவிட்டு விரலால் தட்டினேன். பதினைந்து, பதினாறு. இசைத்தட்டில் கேட்ட மாதிரியே, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தேய்ந்துகொண்டே போனது. கைதட்டலாமா கூடாதா என்று எல்லோரும் முழித்தார்கள்.

“முடிஞ்சுதா அங்கிள்?” என்று கிசுகிசுத்தாள் முதலாளியின் மகள்.

அண்ணன் அப்போதுதான் அண்ணியை நிமிர்ந்து பார்த்தான். “இன்னும் இல்லம்மா” என்றான்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். அண்ணி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார்; அண்ணன் பக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு போனான். பேனா மூடியைக்கூட எங்கும் மறந்து வைக்காத மனுஷன், கிட்டாரைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு தோளில் கிட்டார், மறுகையில் ட்ரம் என்று அத்தனையையும் சுமந்துகொண்டு, திட்டிக்கொண்டே பின்னால் போனவன் நான். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை.