அண்ணன் மூக்கும் அம்மோனியாப் பெட்டியும்

எங்கள் ஆம்பூர் வீட்டில் இருந்த ஃபிரிட்ஜ் மண்ணெண்ணெயில் ஓடியது. கீழே திரி எரியும், மேலே ஐஸ் உறையும். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது அவரிடமிருந்து அப்பா வாங்கிப்போட்டது. எழுபதுகளின் கடைசியில் அது ஐஸ் போடுவதை நிறுத்திவிட்டு மண்ணெண்ணெய் குடிப்பதை மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தது. ஹெட்மாஸ்டரான அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, பள்ளிகொண்டா பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டார்.

நான் குறுக்கே விழுந்தேன். அப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஃபிரிட்ஜின் முதுகுக் குழாய்க்குள் அம்மோனியா இருக்கிறது, இரும்புக்காரர் சம்மட்டியால் போட்டால் கண்ணும் போகும் மூச்சும் போகும், முதலில் அதை வெளியேற்றத் தெரிந்த ஆள் வேண்டும், எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் மெக்கானிக் ஒருத்தர் இருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அந்த மெக்கானிக்கைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்து, ஒரு வருடமாக எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வேலையைச் சுத்தமாக முடித்து அப்பாவிடம் நல்ல பேர் வாங்கிவிட்டால், பிறகு மெதுவாகப் பேச்சை எடுக்கலாம். முன்னாலேயே தெரிந்துபோனால் அப்பா அவரை வாசலோடு அனுப்பிவிடுவார். இதுதான் என் திட்டம். பெரிய மூளை!

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் வந்தார். நான் சமையலறையைத் தாண்டக் கூடாது என்று அப்பா உத்தரவு. ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தேன். அவர் ஃபிரிட்ஜைத் தோட்டத்தில் இறக்கவைத்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று துண்டைத் தூக்கிப் பார்த்தார். யாரும் அடுப்போ பீடியோ பற்றவைக்கக் கூடாது என்றார். குழந்தைகள் யாராவது உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கதவை முதலில் கழற்றி வைத்தார். ஆஹா, என்ன பொறுப்பு! எனக்கு உள்ளங்கால் கூசியது.

பிறகு குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் நிறைந்த டிரம்மில் விட்டு வால்வைக் கொஞ்சமாகத் திறந்தார். வாயு தண்ணீரில் குமிழ் குமிழாகக் கரைந்தது. அப்பாவே தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்து நான் மனசுக்குள் சேலை எடுத்து, பந்தல் போட்டு, பிரியாணிக்கு ஆள் சொல்லிவிட்டேன்.

குமிழ் நின்றது. மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழாயை அறுக்க வேண்டும். அவர் முகத்தில் ஈரத்துணி கட்டியிருந்தார். அதனால் பக்கத்தில் நின்ற என் அண்ணன் தானே குனிந்து, மூக்கைக் கொண்டுபோய் உறிஞ்சிப் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்லபா. தாராளமா அறு."

ஜன்னலில் நின்ற எனக்கே மூக்கு எரிந்தது. அண்ணனுக்கு எப்படித் தெரியும்? ஆறு வருடமாகத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. தோலில் ஏறிய சுண்ணாம்பைப் போக்கும் டிரம்மைத் திறந்து மூடுகிறவன், நாளெல்லாம் அம்மோனியா நெடியிலேயே நிற்கிறவன். வீட்டில் ஊசிப்போன சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். அந்த மூக்கையா நம்புவது! இந்த மனுஷரோ, பெண்ணின் அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லலாமா என்று ஒரு நொடி தயங்கிவிட்டு, பவ்யமாக ரம்பத்தை எடுத்துவிட்டார்.

வாயைத் திறந்தால் என் ஒரு வருட ரகசியம் போச்சு. திறக்காவிட்டால் அவர் கண் போகும். கத்திவிட்டேன்.

"ஏங்க, வெச்சிடுங்க அத! போன தடவ நைட்டு பூரா மூச்சு இழுத்துச்சே, மறந்துட்டீங்களா?"

அவர் ரம்பத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினார். அப்பா என் பக்கம் திரும்பினார். 'போன தடவ' எப்போது, 'நைட்டு பூரா' இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்க வாயெடுப்பதற்குள், நான் வீணாகப் பயப்படுகிறேன் என்று காட்ட அண்ணன் ரம்பத்தை எடுத்துக் குழாயில் இரண்டு இழுப்பு இழுத்தான். புஸ்ஸென்று ஒரு சத்தம். ஆண்டவரே!

அண்ணன் கண்ணைப் பொத்திக்கொண்டு வாழை மரத்தில் மோதி உட்கார்ந்தான். அப்பாவுக்குத் தாரை தாரையாகக் கண்ணீர். நான் உத்தரவையெல்லாம் காற்றில் விட்டு, தண்ணீர்க் குடத்தோடு ஓடினேன். ஓடி, தள்ளி நின்ற மெக்கானிக்கின் முகத்தைப் பிடித்து, கண்ணைத் திறந்து மூடச் சொல்லி, சொம்பு சொம்பாக ஊற்றினேன். பயமும் சந்தோஷமும் சேர்ந்து எனக்குச் சிரிப்பு வேறு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை.

அப்பா ஒரு கண்ணைச் சிரமப்பட்டுத் திறந்து பார்த்தார்.

"ஜாஸ்தி பட்டவன் அங்க கெடக்கறான். கம்மியா பட்டவருக்கு மொதல்ல ஊத்தற. இன்னா நர்ஸ் நீ?"

"நர்ஸா ஊத்தலப்பா."

என் வாயா அது என்று எனக்கே தெரியவில்லை. அப்பா என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு, அவரை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, அண்ணன் கண்ணைக் கழுவத் தானே போனார்.