சைபர் காட்டிய மீட்டர்

ஆம்பூரைச் சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு வந்து சேர்கிறது. எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று பார்க்க ஒவ்வொரு குழாயிலும் ஒரு மீட்டர் உண்டு. பழைய குழாய்களில் இருப்பவை சக்கர மீட்டர்கள். ஓடும் தண்ணீரில் உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது சுற்றும் வேகத்துக்கு ஏற்ப மேலே எண் ஏறி இறங்கும். மாட்டு முடியும் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்த தண்ணீரில் அந்தச் சக்கரம் அடிக்கடி திணறும். அதைக் கழற்றிக் கழுவி மாட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைக் கோபி செய்தான். அவன் செத்த பிறகு அவன் மனைவி ஹேமலதா செய்கிறாள்.

குழியில் இறங்குவது ஆண்கள். அவர்கள் கழற்றிக் கொண்டுவரும் மீட்டரைக் கொட்டகையில் மேஜை மேல் வைத்துக் கழுவுவது மட்டும் அவள் பாடு.

கோபி செத்த அன்று வால்வை மூடிவிட்டுத்தான் குழியில் இறங்கினான். வால்வின் வாயில் முடி சிக்கியிருந்ததால் அது முழுதாக மூடவில்லை. அவன் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் தண்ணீர் பீறிட்டது; கூடவே விஷவாயுவும். அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுவுக்கு அடையாளம். நாள் முழுக்க அதே நாற்றத்தில் வாழும் ஊரில் அந்த அடையாளத்தால் யாருக்கும் பயனில்லை. அவனைத் தூக்கியபோது கையில் ஸ்பேனர் இருந்தது.

மீட்டரில் எண் சைபருக்கு வந்த பிறகே திறக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவன் பார்க்காமல் திறந்துவிட்டான் என்றார் மேனேஜர். எண் காட்டும் பெட்டி தண்ணீரில் நனைந்து அணைந்துபோனதால் அதை மறுக்க வழியில்லாமல் போயிற்று. உடலை எடுக்கும் நாளன்று பந்தலில் ஒருவர் இன்னொருவரிடம், "போதைல எறங்கிருப்பான்" என்று சொன்னது கோபியின் அம்மா சௌந்தரத்தின் காதில் விழுந்தது.

"எம்புள்ள பீடி கூட குடிக்க மாட்டான்டா" என்று அவள் எழுந்து கத்தினாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை. மருமகளிடம் ஒன்றுதான் கேட்டாள். "அவன் பாக்காமயா தொறந்தான்?"

"இல்ல அத்தே. சைபர் பாக்காம ஸ்பேனர தொட மாட்டேன்னு எங்கிட்டயே சொல்லிருக்காரு. சக்கரம் சிக்கி நின்னிருக்கும். தண்ணி ஓடும்போதே சைபர் காட்டிருக்கும்."

அதை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த மீட்டரைச் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஹேமலதா அந்த வேலையைக் கேட்டு வாங்கியதே அதற்காகத்தான்.

அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவன் மேல்விஷாரத்துக்காரன் காஷிஃப். மீட்டர்களுக்குப் பொறுப்பு அவன்தான். அவளைவிட வயதில் சின்னவன். வெந்நீரில் ஊற வைக்க வேண்டும், மெல்லிய பிரஷ்ஷால்தான் தேய்க்க வேண்டும், காற்றுக் குழாயைப் பிடிக்கக் கூடாது என்றான். "அந்தக் காத்துல சக்கரம் பேய் மாதிரி சுத்தி பேரிங் காலி. வாயால ஊதுங்க அக்கா. சத்தமே இல்லாம சுத்தி, மெதுவா நிக்கணும்."

தினமும் அவள் அவனிடம் கேட்டாள். "பாய், அந்த மீட்டர எப்பத் தொறப்பீங்க?"

"மேனேஜர் சொல்லணும் அக்கா. நீங்க கேட்டுக் கேட்டு எனக்கே அது கனவுல வருது."

ஹேமலதா கல்யாணத்துக்கு முன் ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போய்த் தைத்தவள். காலையில் மெஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் உட்காரும் பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. வீட்டிலும் ஒரு மெஷின் இருந்தது. மாமியாரும் மருமகளும் கூலிக்கு ஷூ மேல்பாகம் தைப்பார்கள். ஒரு நாள் கொட்டகையில் ஒரு மீட்டரின் சக்கரம் எவ்வளவு கழுவியும் கரகரத்தது. அவள் பையிலிருந்து மெஷின் ஆயில் குப்பியை எடுத்தாள்.

காஷிஃப் பாய்ந்து வந்து பிடுங்கினான். "இன்னாக்கா பண்றீங்க? இதுக்கு ஆயிலே ஆகாது. ஓடுற தண்ணியே இதுக்கு ஆயில். நீங்க ஒரு சொட்டு உட்டா நாலு நாளு ஜம்முனு ஓடும். அப்புறம் முடியும் சுண்ணாம்பும் அதுல ஒட்டி, பசை மாதிரி புடிச்சிக்கும்."

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

கோபி சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு சாப்பிட்டுக்கொண்டே அலுத்துக்கொண்டான். "ஒரு சக்கரம் ஒரே பேஜாரு. கழுவி மாட்டினாலும் உங்கம்மா மாதிரி மொறச்சினு நிக்குது."

"எங்கம்மாவ ஏன் இழுக்கற? ஒரு சொட்டு ஆயில் உடு, ஓடும். தெனம் மெஷின்ல பாக்கறதானே?"

"டாக்டரம்மா சொன்னா சரி" என்று குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து அவளுக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தான். சக்கரம் அருமையாக ஓடுகிறதாம்.

காஷிஃப் குப்பியைப் பிடுங்கிய மறுநாளிலிருந்து ஹேமலதா அவனிடம் கேட்பதை நிறுத்தினாள். வீட்டில் சௌந்தரம் நிறுத்தவில்லை. "இன்னிக்காவது தொறந்தாங்களா?" ஹேமலதா தலையை மட்டும் ஆட்டுவாள். தெரியாத வரை எதிர்பார்ப்பாக இருந்த கேள்வி, தெரிந்த பிறகு தண்டனையாகிவிட்டது. கேள்வியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

திறக்கும் நாள் வந்தது. நியாயம் கேட்டு வரவில்லை. வேறொரு மீட்டரின் உடல் விரிசல் விட்டது, மாற்றுக்கு உடனே ஒன்று வேண்டியிருந்தது. காஷிஃப் சாக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அன்று வெள்ளிக்கிழமை.

"நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வர்றேன். நீங்க தொறந்து வையுங்க அக்கா. வந்துதான் மேனேஜர கூப்புடணும்" என்றான். பக்கத்தில் வெந்நீர் வாளியையும் அவனே வைத்துவிட்டுப் போனான்.

அவள் திறந்தாள். சக்கரத்தின் தகடுகளுக்குள் முடி கயிறாகச் சுற்றியிருந்தது. அச்சில் கறுப்புப் பசை. மூக்கருகே கொண்டுபோனாள். சுண்ணாம்புக்கும் அழுகலுக்கும் அடியில் அவள் வீட்டு மெஷினின் வாசனை இருந்தது.

பசையை மட்டும் கழுவினால் முடி மிஞ்சும். சிக்கி நின்ற சக்கரம், பொய்யாகச் சைபர், கோபி பார்த்துத்தான் திறந்தான். மேனேஜர் மறுக்க முடியாது. சௌந்தரம் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிடுவாள். கழுவுவது திருட்டும் இல்லை; கழுவத்தான் அவளுக்குச் சம்பளம்.

வாளியில் ஆவி அடங்கும் வரை அவள் உட்கார்ந்திருந்தாள். காஷிஃப் தொழுகைக்கு ஆகும் நேரத்தைவிட வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். சக்கரத்தைப் பார்த்தான். தொடாமல் இருந்த தண்ணீரைப் பார்த்தான்.

"இவ்ளோ நேரம் கழிச்சி வந்தேனேக்கா" என்றான் மெதுவாக. "கழுவிருக்கலாமே?"

"ஆயில் உடச் சொன்னது நான் பாய்."

மேனேஜர் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆயில் உட்டிருக்கான். நான் அப்பவே சொன்னேன், அவன் தப்புதான்னு."

"பாக்காம தொறந்தான்னு சொன்னீங்க சார். சக்கரம் சிக்கித்தானே நிக்குது? அவரு சைபர் பாத்துட்டுத்தான் தொறந்திருக்காரு. ஆயில் அவரு தப்பில்ல, என்னுது. நான்தான் சொன்னேன்."

"நீ அப்ப இங்க வேலைலயே இல்லியேம்மா. உம்மேல எப்படிப் போடறது?" அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே வழி தெரியாதவர்போலக் கேட்டார். பிறகு காஷிஃபிடம் திரும்பினார். "சீக்கிரம் கழுவி மாட்டு. லைன் நிக்குது."

உண்மை சொல்லப்பட்டது. அதை ஏற்றுக்கொள்ள உயிரோடு இருக்கும் ஒருத்தி தயாராகவும் இருந்தாள். ஆனாலும் அது இறந்தவன் மேல்தான் போய் உட்கார்ந்தது. அங்கேதான் அதற்கு இடம் இருந்தது.

ஹேமலதா பசையை வழித்து, முடியை அறுத்து எடுத்து, ஊறவைத்து, தேய்த்தாள். ஊதினாள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நின்றது. காஷிஃப் அதை எடுத்துப் போனான்.

வீட்டில் சௌந்தரம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "தொறந்தாங்களா?"

"தொறந்தாங்க அத்தே. சக்கரம் சிக்கித்தான் இருந்துச்சி."

சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டாள். "நான் சொல்லல? பாத்துதான் தொறந்திருக்கான் எம்புள்ள."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஆயில்லதான் சிக்கிச்சி அத்தே. நான் குடுத்த ஆயில்" என்றாள் ஹேமலதா. எல்லாவற்றையும் சொன்னாள்.

சௌந்தரம் எழுந்தாள். மெஷின் மேல் இருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடியைத் திருகி இறுக்கி, அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாதபடி உள்ளே தள்ளி வைத்தாள். திரும்ப வந்து உட்கார்ந்து தைத்தாள்.

அந்த மாதம் முழுக்க மெஷின் எண்ணெய் இல்லாமல் ஓடியது. இருவரும் மாறி மாறித் தைத்தார்கள். அது கரகரவென்று அரைக்கும் சத்தம் தெரு முனைவரை கேட்டது. குப்பியை எடு என்று ஒருத்தி சொல்லவில்லை. எடுக்கட்டுமா என்று இன்னொருத்தி கேட்கவில்லை.