தலையே சுற்றாத தோட்டம்

ராசிங்காபுரத்து அனுசியா போடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். தாளில் எழுத்தாக இருப்பதைக் கிளவுடில் உள்ள தரவுத்தளம் ஏற்கும் வகைக்கு மாற்றி அனுப்புவது வேலை. தேதி தேதியாக, எடை தசம எண்ணாக, கேள்விக்குப் பதில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’யாக. அந்த உண்டு-இல்லைக் கட்டத்துக்கு இடைநிலை தெரியாது. முதலாளிகளுக்கு ரொம்பப் பிடித்த குணம்.

மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டம், பூச்சிமருந்தடிக்கும் நூற்று நாற்பத்து மூன்று பேரிடம் கணக்கெடுப்பு நடத்தியது. ‘மருந்தடித்தபின் தலை சுற்றுகிறதா?’ ‘ஆமா’ என்றால் உண்டு, மற்றதெல்லாம் இல்லை என்று அனுசியா நிரல் எழுதினாள். பதில்களை அவள் படிக்கவில்லை. படிப்பது நிரலின் வேலையல்லவா? இரண்டே பேருக்குத் தலை சுற்றியது. அறிக்கை திங்கட்கிழமை போனால், தோட்டம் கொடுத்துவந்த முகமூடியும் டாக்டரும் இனித் தேவையில்லை என்று நின்றுவிடும். பூச்சியை மட்டும் பார்த்துக் கொல்லும் அறிவாளி மருந்து போலிருக்கிறது.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில், மலையிலிருந்து இறங்கிய ஜீப்பைப் பிடித்தபடி அவள் தாய்மாமன் மலைச்சாமி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அதே தோட்டத்தில் மருந்தடிப்பவர்.

“தலை சுத்துதா மாமா?”

“லேசாத்தான் ஆத்தா. அப்பப்ப.”

“கணக்கெடுப்புல என்ன சொன்னீங்க?”

“இதத்தான். ஆமான்னு சொன்னா மறுநா வேலைக்கு ஜீப்புல ஏத்துவானா?”

அனுசியா ஆபீசுக்குத் திரும்பிப் பதில்களைப் படித்தாள். ‘வெயில்ல மட்டும்’, ‘பழகிருச்சு’, ‘உக்காந்தா சரியாப் போகும்’. ‘இல்ல’ என்றவர்கள் பன்னிரண்டே பேர். மிச்சப் பேரை அவளது ஒற்றை வரி குணப்படுத்தியிருந்தது, ஊசிகூடப் போடாமல்.

விஷயத்தைக் கேட்ட கம்பெனி முதலாளி லிங்கேஸ்வரன் தலையைச் சொறிந்தார். “அவங்க கேட்டது உண்டு, இல்லைதானம்மா.”

“அதையே குடுக்குறேண்ணே. இல்லன்னவன் இல்ல, மத்தவன் உண்டு. அவன் சொன்ன வார்த்தை பக்கத்துக் கட்டத்துல எழுத்தாவே இருக்கட்டும்.”

“தோட்டம் கைவிட்டுப் போயிரும்.”

“அப்ப நீங்க ஒரு நா மருந்து டேங்க முதுகுல கட்டிட்டுப் போயிட்டு வந்து பதில் எழுதுங்க.”

அவர் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை, ஒப்பந்தப்படி, அறிக்கை தோட்டத்துக்கும் அரசின் தொழிலாளர் துறைக்கும் ஒன்றாகப் போனது: நூற்று முப்பத்தொரு பேருக்குத் தலை சுற்றுகிறது. தோட்டம் வேறு கம்பெனிக்கு மாறியது. அந்தக் கம்பெனி கேள்வியையே எடுத்துவிட்டதாம். நோயை வேரோடு பிடுங்குவது என்றால் இதுதான். ஆனால் வியாழக்கிழமை துறையின் டாக்டர் மலையேறிவிட்டார். மலைச்சாமியையும் இன்னும் பதினெட்டுப் பேரையும் கூலி குறையாமல் களையெடுப்புக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.