அமைச்சர் வேடம்

கோதுமை மாவில் காய்ச்சிய பசையின் புளித்த வாசனை மூக்கில் பட்டாலே எனக்கு மன்னாரில் படித்த எட்டாம் வகுப்பு நினைவுக்கு வந்துவிடும். கதைகளை வாசித்ததோடு விட்டுவிடாத எங்கள் தமிழ் 'ரீச்சர்', அட்டைக் கிரீடத்தில் ஈயத்தாள் ஒட்டவைத்து, மேசையைச் சிம்மாசனமாக்கி எங்களை நடிக்கவிடுவார். முடிந்ததும் வேடத்தோடேயே நிறுத்திக் கேள்வி கேட்பார்.

ஒரு கதையில் அமைச்சர் தன் அரசனைப் பகைவரிடம் காட்டிக்கொடுப்பார். அந்த வேடம் எனக்கு விழுந்தது. தவக்காலத்தில் எங்கள் கோவில் முற்றத்தில் நடக்கும் சிலுவைப் பாடுகளின் நாடகத்தில் காட்டிக்கொடுப்பவராக ஒரேயொரு முறை நடித்த என் மாமாவை, அதன்பிறகு மீன் சந்தையில் எவரும் சொந்தப் பெயரால் அழைத்ததில்லை. அந்தக் கதி எனக்கும் வந்துவிடுமென்று பயந்து, வகுப்பில் ஒரே 'வாங்கில்' என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி ஜெஸீமாவிடம், "அதுதானடி பெரிய பாகம், நிறைய வசனம் இருக்கு" என்று ஆசைகாட்டித் தள்ளிவிட்டேன். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் கோவில் முற்றத்துச் சங்கதி எங்கே தெரியும்? "ஓம், நான் செய்யிறன்" என்று பூரித்துப்போனாள்.

"அமைச்சரே, ஏன் இப்பிடிச் செய்தனீர்?" என்று ரீச்சர் கேட்டார். புத்தகத்தில் பேராசை என்றுதான் இருந்தது. ஜெஸீமா சற்று யோசித்தாள். "எனக்குப் பயமாயிருந்தது. அவரோட நிண்டா என்னையும் கொல்லுவாங்கள் எண்டு நினைச்சன்."

ரீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

ஆனால், யன்னலால் எட்டிப் பார்த்த பக்கத்து வகுப்புப் 'பெடியங்கள்' அன்றே அவளுக்குக் 'காட்டிக்கொடுத்தவள்' என்று பெயர் வைத்து, கழுதைகள் படுத்துக்கிடக்கும் அந்தத் தெருவெல்லாம் கத்திக்கொண்டு பின்னால் போனார்கள். "உனக்கு இது முதலே தெரியுமாடி?" என்று அழுதுகொண்டு கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். மறுநாள் அவள் வேறு வாங்குக்குப் போய்விட்டாள்.

சில வருடங்களின் பின், போர்க்காலத்தில், மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் வெளியேறச் சொன்னார்கள். மூட்டைகளோடு கடற்கரைக்குப் போன கூட்டத்தில் ஜெஸீமா எங்கள் வீட்டு வாசல் படலையைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் வேலிக்குப் பின்னால் நின்றேன், வெளியே வரவில்லை.

இப்போது அந்த வகுப்பறை இல்லை. புதுக் கட்டடத்தில் வாங்குகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், அவள் வரவில்லை. ஏன் இப்படிச் செய்தனீர் என்று ரீச்சர் இன்று என்னை நிறுத்திக் கேட்டால், சொல்வதற்கு ஜெஸீமாவின் பதில்தான் என்னிடம் இருக்கிறது. எனக்குப் பயமாயிருந்தது.